நம்ம கடை ஈயம்

சிலம்பரசன் கடப்பாரையை ஷட்டருக்கு அடியில் செருகி நெம்பியபோது மணி பதினொன்று. நல்ல பட்டப்பகல். முத்தியால்பேட்டையில் அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது, தெரு முழுக்க ஜனம். ஷட்டரில் இருக்கிற ஓட்டைகள் வழியாக எல்லாரையும் பார்த்தேன். எதிர்க்கடை டைலர் மெஷினை நிறுத்திவிட்டு நின்றார். தள்ளுவண்டியில் பழம் விற்கிறவள் தராசைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. எல்லாருக்கும் சேர்த்து நான்தான் உள்ளே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

“டேய், ஷட்டர் மேல கை வச்ச, கைய முறிச்சிடுவேன்டா!”

கையை முறிப்பதைப் பற்றி நான் பேசியிருக்கக் கூடாது. என் பின்னால் அம்மாவாசை உட்கார்ந்திருந்தார். என் கடையில் பேட்டரி மாட்டுகிறவர், ஐம்பத்தெட்டு வயது. அவருடைய இடது கையில் மாவுக்கட்டு. செவ்வாய்க்கிழமை இதே சிலம்பரசன் இதே ஷட்டரை அவர் விரல்கள் மேல் இறக்கிவிட்டுப் போனான். மூன்று விரல் எலும்பு நொறுங்கிப்போனது. அதோடு விட்டார்களா? இன்றைக்குச் சனிக்கிழமை, மறுபடி வந்துவிட்டார்கள்.

என் பெயர் அஞ்சலாட்சி. வயது நாற்பத்தாறு. எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, கெட்ட வார்த்தைதான் வரும். பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கடை, நாங்கள் முசியே என்று கூப்பிடுகிற பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் ஒருவருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பம். அவர் பிள்ளைகளோடு பாரிசுக்கே போனபோது, கணக்கெழுத வந்த என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதிருந்து நான்தான் நடத்துகிறேன். என் புடவைகளில் எதை எடுத்துப் பிரித்தாலும் கொசுவத்துப் பக்கம் ஆசிட் தெறித்த ஓட்டை இருக்கும். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அன்றைக்குக் கடைக்குள் முப்பத்தெட்டுப் பழைய பேட்டரிகள் இருந்தன. ஆட்டோவிலிருந்தும், டிராக்டரிலிருந்தும், வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தும் கழற்றி வந்தவை. பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி லாரி வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தேவதாசுக்கும் அதே முப்பத்தெட்டுதான் வேண்டும். சிலம்பரசன் அவனுடைய ஆள்.

தேவதாஸ் ஈயம் உருக்குகிறவன். ஊருக்கு வெளியே ஒரு சவுக்குத் தோப்புக்குள் அவனுடைய உலை இருக்கிறது. பழைய பேட்டரியைக் கோடாலியால் பிளந்து, ஆசிட்டை மண்ணில் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கிற தகட்டை உருக்கிக் கட்டியாக வார்த்து விற்பான். இப்படிச் செய்யக் கூடாது என்று அரசாங்கம் விதி போட்டுச் சில வருஷம் ஆகிறது. பேட்டரி விற்கிறவர்கள் பழையதைத் திரும்ப வாங்க வேண்டும். உடைக்காமல், ஆசிட்டைக் கொட்டாமல், பதிவு பெற்ற ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். எத்தனை போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். விதி இப்படி இருக்க, நானும் எல்லாரையும் போல அவனுக்கேதான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, பத்து வருஷம். போன் போட்டால் அரைமணியில் வண்டி வரும், ஒரு கையெழுத்து கேட்க மாட்டான். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு துண்டு, ஒரு பெட்டி ஸ்வீட், அதன் மேல் பளபளவென்று இரண்டு ஈயக்கட்டி கொண்டுவந்து வைப்பான்.

“மாமாவுக்குக்கா. வலைக்குக் குண்டு ஊத்திக்கச் சொல்லு. உங்க கட சாமான்தான், சுத்தமானது.”

மாமா என்று அவன் சொன்னது என் வீட்டுக்காரர் மாரியப்பனை. கடலுக்குப் போகிறவர். வலை நீரில் நேராக இறங்க அடிக்கயிறு முழுக்க ஈயக்குண்டு கோக்க வேண்டும். அவர் கொல்லையில் பழைய இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து அந்தக் கட்டியை உருக்குவார். சட்டி மேல் குனிந்து, உருகிய ஈயத்தின் மேல் மிதக்கிற ஆடையை ஊதி ஊதி ஒதுக்குவார். அச்சில் ஊற்றிக் குண்டு எடுப்பார். அதைக் கயிற்றில் மாட்டி, பல்லால் கடித்து இறுக்குவார். எங்கள் குப்பத்தில் எல்லா ஆம்பளையும் அப்படித்தான் கடிப்பான். கொறடு கையில் இருந்தாலும் வாய்தான் முதலில் போகும். ஒரு வலைக்கு அறுநூறு, எழுநூறு குண்டு. கடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரனிடம், “நம்ம கட ஈயம்யா, இன்னா மெதுவா கடி வாங்குது பாரு” என்று பெருமை பேசுவார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும்.

போன வருஷம் அவருக்கு வயிற்றுவலி வந்தது. சுருண்டு சுருண்டு விழுந்தார். பிறகு வலது கை மணிக்கட்டு தொங்கிப்போனது. துடுப்பு நழுவியது, கையில் எடுத்த சோறு நழுவியது. பாண்டிச்சேரியில் ஒரு ஆம்பளைக்குக் கை விழுந்தால் எல்லாரும் ஒரே வைத்தியர்தான்: குடி என்பார்கள். சொந்தத் தம்பியே, “அண்ணன் தெரியாம ஊத்திக்குது அண்ணி” என்றான். அந்த மனிதர் கள்ளைக் கூடத் தொட்டதில்லை. அவர் அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், “ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க” என்றார். இடது கை நின்றது. வலது கை மணிக்கட்டில் மடிந்து விழுந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், பல்லோரம் நீலமாக ஒரு கோடு. “ஈயம் உடம்புல ஏறுன மாதிரி இருக்கு. ஈய வேலை ஏதாவது செய்றீங்களா?” என்று கேட்டார். என் புருஷன் சிரித்த முகமாக, “ஆமா டாக்டர், வலைக்குக் குண்டு ஊத்துறேன். ஈயம் என் சம்சாரம் கடையிலேர்ந்து வர்றது” என்றார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்.

“இன்னாமே, இனிமே நம்ம கடையால ஒரு கை விழக் கூடாது.”

“விழாதுய்யா” என்றேன். அதுதான் நான் கொடுத்த வாக்கு. லாஸ்பேட்டையில் காலேஜ் படிக்கிற என் மகள் சிவசங்கரி அன்றைக்கே கடையைப் பதிவு செய்து, கம்பெனி லாரிக்கும் ஏற்பாடு செய்துகொடுத்தாள். தேவதாசிடம் போன் போட்டு, “இனி உனக்கு ஒரு பேட்டரி கிடையாது” என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். சில மாதம் பொறுத்துப் பார்த்தான். இந்தச் செவ்வாய்க்கிழமை அம்மாவாசையின் விரல்கள் போயின. நான் புகார் கொடுத்தேன், ரசீது கொடுத்தார்கள்.

பூட்டு தெறித்தது. ஷட்டர் இடுப்பு உயரம் எழும்பியது. சிலம்பரசன் குனிந்து உள்ளே வந்து அதை முழுக்கத் தூக்கினான். அவன் பின்னால் தேவதாஸ் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றான். ரவுடி என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இடது கையில் ஒரு முழ நீளத்துக்குக் கத்தி.

“யக்கா, நல்ல மாதிரி சொல்றேன். சாமான ஏத்த உடு.”

“உட மாட்டேன். பன்னெண்டு மணிக்கு லாரி வருது. அதுல போவும்.”

“ரூல்ஸ் பேசறியா? பத்து வருஷமா எங்க வச்சிருந்த ரூல்ஸ?”

“உங்க மாமா கையிலதான்டா வச்சிருந்தேன். போய்ப் பாரு, தொங்குது.”

அவன் முகம் ஒரு மாதிரி போனது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. “ஏத்துடா” என்று சிலம்பரசனிடம் சொன்னான்.

வாசலில் அவர்கள் கொண்டுவந்த குட்டியானை லோடு வண்டி நின்றது. சிலம்பரசன் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வீசினான். நான் குறுக்கே போனேன், தோளால் இடித்துத் தள்ளிவிட்டான். மறுபடி போனேன், மறுபடி தள்ளினான். போலீசுக்கு அரைமணி முன்னாலேயே போன் போட்டிருந்தேன். வண்டி வருகிறது என்றார்கள், வந்துகொண்டே இருந்தது. ஒன்பது பேட்டரி ஏறிவிட்டது. பத்தாவதை எடுக்க அவன் குனிந்தபோது அம்மாவாசை எழுந்துவந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“எழுந்திரு பெருசு.”

“இது ஆளுங்களக் கொல்லுது தம்பி. உனக்கும் சேத்துதான் சொல்றேன்.”

சிலம்பரசன் அவர் நெஞ்சில் உதைத்தான். பெரியவர் பின்பக்கமாக விழுந்தார். கட்டுப் போட்ட கை அவருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை டைலர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு என்ன தெரியும்? மேசை மேல் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து அவன் காதோரத்தில் ஓங்கி அடித்தேன். ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் திரும்பி என்னை அறைந்த அறையில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிவிட்டது, வாயெல்லாம் உப்பு. விழாமல் மறுபடி அடித்தேன். இந்தத் தடவை தோள்பட்டையில் விழுந்தது, எலும்பில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன். இன்னும் இரண்டு அடி அடிக்கத் தோன்றியது.

பின்னாலிருந்து தேவதாஸ் என் கொண்டையைப் பிடித்தான். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இடது கையால்தான் இழுத்தான். இழுத்த இழுப்பில் நான் ராக்கில் போய் மோதினேன். மேல் தட்டில் இருந்த பழைய இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று சரிந்து, என் காலுக்குப் பக்கத்தில் விழுந்து பிளந்தது. ஆசிட் தரையெல்லாம் ஓடியது. அந்த நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. என் வலது பாதம் எரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து, மூலையில் போய் நின்றேன். அந்த மூலையில்தான் புது பைக் பேட்டரிகளுக்கு ஊற்றுகிற ஆசிட் கேன் இருக்கிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் மக். காலையில் ஒரு பேட்டரிக்கு ஊற்றி மிச்சம் வைத்திருந்தேன், அரை மக் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டேன்.

“கிட்ட வராத.”

“ஊத்துவியா? ஊத்து பாப்போம்.”

அப்போதுதான் அவன் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். கத்தியை இடது கையிலிருந்து அதற்கு மாற்றினான். இடது விரல்களால் வலது விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியில் மடக்கி வைத்ததைப் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

“உன் புருஷனுக்கு ஒரு கைதான போச்சி? உனக்கு ரெண்டும் போவும்டி!” என்று சொல்லிக் கத்தியை ஓங்கினான்.

தலைக்கு மேல் போன கை அங்கே நிற்கவில்லை. மணிக்கட்டு மடிந்து விழுந்தது. விரல்கள் திறந்துகொண்டன. கத்தி தரையில் விழுந்து ணங்கென்று சத்தம் கேட்டது. அவன் தன் கையைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சோறு நழுவி மடியில் விழுந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் தன் கையை அப்படித்தான் பார்த்தார்.

சத்தம் முதலில் வந்தது. நான் வீசியது பிறகுதான். நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு மூச்சு என்பேன். ஒரு மூச்சுக்குள் என் கை நின்றிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அம்மாவாசையின் விரல்களுக்கும், மாரியப்பன் அழுத அழுகைக்கும், எனக்கே நான் வைத்துக்கொண்ட வேட்டுக்கும் சேர்த்து அரை மக் ஆசிட்டையும் அவன் முகத்தில் வீசினேன்.

அலறல் தெரு முழுக்கக் கேட்டது. “கண்ணு! ஐயோ என் கண்ணு!” என்று சுவரில் போய் மோதிக்கொண்டான். வெள்ளைச் சட்டை தோள்பட்டையில் பொத்துக்கொண்டு போனது. சிலம்பரசன் தேவதாசை ஒரு தடவை பார்த்தான், என் கையில் இருந்த மக்கை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஓடிப்போய்க் குட்டியானையில் ஏறி ஸ்டார்ட் செய்தான்.

நான் வாசலுக்கு ஓடினேன். குட்டியானை இருபது அடி கூடப் போகவில்லை. பழவண்டி குறுக்கே, எதிரில் ஒரு ஆட்டோ, ஹாரன் அடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டு நின்றது. ஸ்பேனர் இன்னும் என் கையில்தான் இருந்தது. நாலு எட்டில் போய்க் கண்ணாடியை உடைத்து அவனை வெளியே இழுத்திருப்பேன். ஒன்பது பேட்டரி. ஒன்பதும் இன்றைக்கே தோப்புக்குப் போய், நாளைக்குக் கட்டியாகி, எவன் வீட்டுச் சட்டிக்கோ போகும். எவன் வாய்க்கோ போகும். ஒரு கை விழக் கூடாது என்று நான் கொடுத்த வாக்கு அங்கே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது.

பின்னால் அவன் “தண்ணி, தண்ணி” என்று கத்திக்கொண்டிருந்தான்.

ஆசிட் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதில் முதல் நிமிஷம்தான் முக்கியம். பேட்டரிக் கடைக்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காகவே ஒவ்வொரு கடையிலும் ஒரு டிரம் தண்ணீர் நிரம்பி நிற்கும். முசியே காலத்திலிருந்து அந்த டிரம்மை நான் ஒரு நாளும் காலியாக விட்டதில்லை.

ஆட்டோ ஒதுங்கியது. குட்டியானை போய்விட்டது. நான் ஸ்பேனரைத் தெருவிலேயே விட்டெறிந்துவிட்டு உள்ளே ஓடினேன்.

அவன் கைக்கு அகப்பட்டதையெல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். என் கை பட்டதும் முட்டியால் என் வயிற்றில் இடித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளி, நெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்தேன். ஒரு கையால் இமையைப் பிதுக்கித் திறந்து, இன்னொரு கையால் ஊற்றினேன்.

“திறடா கண்ண! திற, நாயே! மூடுன, குருடாப் போவ!”

“எரியுதுக்கா!”

“எரியட்டும். அம்மாவாசைக்கு எரியலையா? எங்க வீட்டு மனுஷனுக்கு எரியலையா? பேசாத. திற!”

அம்மாவாசை ஒற்றைக் கையால் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தார். உதை வாங்கிய மனிதர்.  நான் ஊற்றிக்கொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே ஊற்றினேன். எரிகிற என் பாதத்திலும் நடுவில் ஒரு மக் ஊற்றிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அவன் அடங்கினான். தோளுக்கு ஊற்ற அவன் வலது கையைத் தூக்கிப் பிடித்தேன். விட்டேன். செத்த மீன் மாதிரி விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தேன். பல்லோரத்தில் நீலக் கோடு.

“எத்தினி நாளா இப்படி?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கேக்குறேன் இல்ல? எத்தினி நாளாடா?”

“எட்டு மாசம்.” கண்ணை மூடியபடியே மெதுவாகச் சொன்னான். “குடின்னாங்கக்கா. உட்டு ஆறு மாசம் ஆவுது, ஒரு சொட்டு தொடல. கை வரமாட்டேங்குது.”

“வயித்துவலி?”

“உசுரு போவுது. பசங்க எவனுக்கும் தெரியாது. தெரிஞ்சா என்ன எவன்க்கா மதிப்பான்?”

நான் ஊற்றுவதை நிறுத்தவில்லை. ஆனால் திட்டுவது நின்றுபோனது. பத்து வருஷம் உலை வாயில் நின்றவனுக்கு இது வராமல் வேறு யாருக்கு வரும்? மாமா கை தொங்குகிறது என்று நான் சொன்னபோது அவன் முகம் ஏன் அப்படிப் போனது என்று இப்போது புரிந்தது. அவனுக்கு அந்த ஈயத்தைக் கொடுத்தது யார்? அவன் உலைக்கு மாதம் தவறாமல் சாமான் அனுப்பியது யார்? அவன் கட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தான், நான் பேட்டரியை அவன் வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு கை விழுந்தது. இரண்டும் என் கடையால்தான்.

“யக்கா.”

“இன்னா?”

“மாமாவுக்குக் கை வந்துச்சா?”

 அவன் முகம் வெந்து சிவந்து, இமை வீங்கிக் கிடக்கிறான். இதைத்தான் கேட்கிறான்.

“ரெண்டு விரல் வந்திருக்கு. சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிறாரு. வல பின்ன முடியல.”

“மாத்திரையா?”

“மாத்திரைதான். ஈயத்துப் பக்கமே போவக் கூடாது. கதிர்காமத்துல குடுக்கிறாங்க.”

அதற்குள் மணி பன்னிரண்டாகிவிட்டது. கம்பெனி லாரிக்காரர் வடிவேல் வாசலில் வந்து நின்று, உள்ளே ஓடுகிற தண்ணீரையும் ரத்தத்தையும் பார்த்து மிரண்டுபோனார். ஒரு மணி நேரமாக விரலைக் கூட அசைக்காத ஜனம் இப்போது உதவிக்கு ஓடிவந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டைலர் முகத்திலேயே துப்பியிருப்பேன். ஆனால் அவர்தான் தன் கையால் பேட்டரிகளைத் தூக்கி லாரியில் வைத்தார். இருபத்தெட்டு ஏறியது. உடைந்ததைச் சில்லு சில்லாகப் பொறுக்கி ஒரு டப்பில் போட்டு அதையும் ஏற்றினார்கள். ஆசிட் முறியத் தரைக்குச் சோடா உப்பைக் கொட்டினார் அம்மாவாசை.

தேவதாசை ஆட்டோவில் ஏற்றி கதிர்காமம் கொண்டுபோனோம். வழியெல்லாம் கேன் தண்ணீரை அவன் கண்ணில் ஊற்றிக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் சீட் நனைகிறது என்றார். நனையட்டும் என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. கண்ணை நன்றாகப் பார்த்துவிட்டு, “உடனே தண்ணி ஊத்துனது நல்லது. ஒரு கண்ணு தப்பிச்சிடும். இன்னொண்ணு இப்ப சொல்ல முடியாது” என்றார். கட்டுப் போட்டார்கள். பின்னாலேயே ஒரு ஏட்டு வந்தார். கடையைப் பார்த்துவிட்டு, கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தெருவில் நாலு பேர் சொன்னதை ஏற்கெனவே பாதி எழுதிவிட்டிருந்தார்.

“கவலப்படாதீங்கம்மா. அவன் கத்திய ஓங்குனான், நீங்க உசுரக் காப்பாத்திக்க ஊத்துனீங்க. தற்காப்பு. ஒரு கையெழுத்து போடுங்க, போதும்.”

பிறகு தேவதாஸ் பக்கம் திரும்பி, “இன்னாடா, கத்தி உன் கையிலதான இருந்துச்சு?” என்று கேட்டார்.

கட்டுக்குள் இருந்தபடியே தேவதாஸ் உடனே சொன்னான். “ஆமா சார். கையிலதான் இருந்துச்சு. இறுக்கிப் புடிச்சிருந்தேன்.”

கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜெயிலுக்குப் போனாலும் போவான், கை விழுந்துவிட்டது என்று மட்டும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டான். அவன் வலது கை போர்வைக்கு அடியில் இருந்தது. அந்தக் கையை ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை. கண்ணுக்கு மருந்து போட்டு, தோளுக்கு மருந்து போட்டு, ஜெயிலுக்கு அனுப்புவார்கள். வெளியே வந்து நேராக உலைக்குப் போவான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஏட்டு பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார்.

என் கால் எரிந்தது. வீட்டில் மாரியப்பன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். சிவசங்கரிக்குப் பரீட்சை. ஆசிட் வீசினால் எத்தனை வருஷம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன, பேப்பர் படிக்கிறவள்தானே நான். எனக்குப் பயமாக இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றும் வரவில்லை.

“டாக்டரம்மா” என்றேன். “இவன ரெண்டு கையையும் முன்னாடி நீட்டச் சொல்லுங்க.”

“வாய மூடுக்கா” என்றான் தேவதாஸ்.

“நீட்டுடா.”

“யக்கா, வேணாங்க்கா. ஏட்டு இருக்காரு.”

நான் போர்வையை இழுத்தேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் இரண்டு கையையும் தூக்கி நீட்டி வைத்தார். இடது கை நின்றது. வலது கை மடிந்து விழுந்தது. அவர் குனிந்து அவன் உதட்டைத் தூக்கினார்.

“கத்தி தானாவே கீழ விழுந்துடுச்சு சார்” என்று ஏட்டிடம் சொன்னேன். “விழுந்ததப் பாத்தேன். பாத்துட்டு அப்புறந்தான் ஊத்துனேன். உல எங்க இருக்குதுன்னும் எழுதிக்குங்க, ஒம்பது பேட்டரி அங்க போயிருக்கு. பத்து வருஷமா அதுக்குச் சாமான் அனுப்புனது நான்.”

ஏட்டு என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாள் எடுத்தார்.

“பேரு?”

“அஞ்சலாட்சி” என்றேன்.